முதல் 2 மணி நேரம்
மகாராஷ்டிரத்தின் கர்வஸ் இனிப்பு சீம்பாலில் செய்வது. ருசிப்பவர்களுக்கு அது விருந்து. பிறந்த கன்றுக்கோ உயிர். கருவிலிருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குக் கிடைப்பதில்லை. சீம்பால் மூலம்தான் வரவேண்டும். அதைக் குடல் உறிஞ்சும் திறனோ மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும்.

ஆனால் நாட்டின் பல தொழுவங்களில் இன்றும் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடுவதில்லை. இந்தப் பயம் வீண். கன்று முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அது உதவும்.

கால்நடை மருத்துவர்களின் கணக்கு எளிது: மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்து, தொப்புளில் டிங்க்சர் அயோடின் தடவுங்கள். 2 மணி நேரத்துக்குள் முதல் சீம்பால். 25 கிலோ கன்றென்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டர். கர்வஸ் அதற்குப் பிறகுதான்.