திரிசூலத்துக் கருங்கல்லில் ஓர் எரிமலையின் வேர்

தாம்பரம் பக்கம் ஒரு காலத்தில் எரிமலை இருந்ததாகப் பேரன் சொல்கிறான், நிஜமா என்று சேலையூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எரிமலை வாயைத் தேடிக் கிளம்பினால் ஏமாற்றம்தான். அது என்றோ தேய்ந்து போயிற்று. அடிவேர் மட்டும் மிச்சம் இருக்கிறது என்கிறார்கள் பல புவியியலாளர்கள். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என்று மின்சார ரயில் ஜன்னலில் தெரிகிற குன்றுகள்தான் அது.

அம்மிக்கும் ஜல்லிக்கும் நாம் உடைக்கிற இந்தக் கருங்கல்லுக்கு 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னோகைட் என்று பெயரிட்டார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே இனமாக இருந்ததே காரணம்.

இதில் ஹைபர்ஸ்தீன் என்றொரு கனிமம் உண்டு. கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட கல்லில் அது விளையும். இங்கேதான் சிக்கல். அந்தமானின் பாரன் தீவைப் பாருங்கள். 150 ஆண்டுக்கு மேல் தூங்கி 1991இல் விழித்த எரிமலை அது. அடியில் அமிழும் கடல்தரை கக்கும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பிறப்பது அதன் குழம்பு. அங்குள்ள பிளேஜியோகிளேஸ் படிகங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பது அந்த ஈரத்துக்குத் தடயம். நம் எரிமலையும் அந்த வகைதான் என்றால், நம் கல் மட்டும் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது? குழம்பிலேயே இப்படி விளைந்ததா, பின்னால் ஆழத்தில் வெந்து ஈரத்தை இழந்ததா என்று நூறாண்டுக்கும் மேலாக வாதாடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆசாமி இந்த வாதத்தில் மூக்கை நுழைக்கிற ஜிர்கான் என்ற கனிமம். பெரும்பாலும் மணலைவிடப் பொடி. படிகம் வளரும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் அநேகமாக எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. பாதி யுரேனியம் சிதைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும்.

அதைவிட விசேஷம், ஜிர்கான் படலம் படலமாக வளர்வது. எங்கள் பழைய வீட்டில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த நிறம் வரிசையாகத் தெரியும். ஆக அடியில் தாத்தா காலத்து நீலம். ஜிர்கானை அறுத்து எலெக்ட்ரான் கற்றையில் ஒளிரவிட்டால் அப்படித்தான். நடுக்கரு, குழம்பு உறைந்த காலத்தது. விளிம்பு, பாறை ஆழத்தில் வெந்தபோது பூசப்பட்டது. சென்னைப் பக்கத்துச் சார்னோகைட்டில் இரண்டுமே 250 கோடி ஆண்டை ஒட்டியவை, விளிம்பு மட்டும் சில கோடி ஆண்டு இளையது. முதலில் குழம்பு, பிறகு வேக்காடு. கருவிலுள்ள ஹாஃப்னியம் என்ற தனிமம் இன்னொன்றும் சொல்லும்: குழம்பு பூமியின் உள்ளடுக்கிலிருந்து புதிதாக வந்ததா, பழைய தரை மறுபடி உருகியதா என்று.

பரங்கிமலையில் இந்தக் கல்லைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் நின்று படிக்கிறார்களோ! குன்றுகளில் பாதி ஜல்லியாகி நம் வீடுகளுக்குள் போய்விட்டது. வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கைவிட்ட குவாரிகளைக் குப்பை கொட்டித்தான் நிரப்ப வேண்டுமா? ஒரே ஒரு வெட்டுமுகத்தைக் கழுவி, வேலி கட்டி விட்டுவைத்தால் குரோம்பேட்டைப் பள்ளிப் பிள்ளைகள் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.