கிளினிக் நாளில் மத்தியானச் சாப்பாடு: சிறுநீரக நோயாளிகள் கடையில் எதைக் கேட்டு வாங்கலாம்?

சிறுநீரக நோய்க்கு மருந்தெடுப்பவருக்கு வைத்தியசாலையில் கொடுக்கப்படும் உணவுத்தாள் வீட்டு அடுப்பை நினைத்து எழுதப்பட்டது. உப்பைக் குறையுங்கள், மரக்கறியைச் சிறிதாக வெட்டி அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், தேங்காய்ப்பாலைக் குறையுங்கள் என்று அது சொல்லும். வீட்டில் மனைவியோ மகளோ அதன்படி தனியாக ஒரு சட்டி வைத்துக் கொடுக்கலாம். கிளினிக்குக்கு வருகிற நாளில் என்ன செய்வது? ஒட்டுசுட்டானில் இருந்தோ நெடுங்கேணியில் இருந்தோ விடிய முதல் பஸ்ஸில் ஏறி, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, இலக்கம் கூப்பிடும்வரை வாங்கிலில் இருந்து, மருந்தும் எடுத்துக்கொண்டு வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். எதிரில் இருப்பது சாப்பாட்டுக்கடை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது கிழமைக்கு இரண்டு மூன்று நாள்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய் புதிதல்ல. நீரிழிவும் பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுப்பது எல்லா இடத்திலும் நடப்பது. அதற்கு மேலாக, 1990களில் மெதவாச்சி, பதவியா போன்ற வடமத்திய மாகாண விவசாயக் கிராமங்களில் இனங்காணப்பட்ட ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இருக்கிறது. வயலில் வேலை செய்கிற, குடும்பத்துக்கு உழைக்கிற வயதில் உள்ளவர்களைத்தான் அது கூடுதலாகப் பிடிக்கிறது.

பிரஷர்காரருக்கு உப்பு, நீரிழிவுக்காரருக்குச் சீனி. இரண்டையும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரக நோயாளிக்கு உள்ள பெரிய ஆபத்துக்கு ருசியே இல்லை. அதுதான் பொற்றாசியம். பழம், கீரை, கிழங்கு, தேங்காய், பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிற சத்து அது. நல்ல சிறுநீரகம் மேலதிகமானதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் அதன் அளவு சாதாரணமாக லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். 6 ஐத் தாண்டிப் போகப் போக இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். பலருக்கு முன்னறிகுறி எதுவும் இராது. சிலருக்குக் கால் சோரும், உடம்பு விறைக்கும், நெஞ்சு படபடக்கும். அப்படி வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் உடனே திரும்பி வைத்தியசாலைக்குள் போகவேண்டும்.

இந்த நோய் உள்ள எல்லோருமே பொற்றாசியத்தைக் குறைக்கவேண்டும் என்றில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கடைசி இரத்த அறிக்கை என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து வைத்தியர்தான் சொல்லுவார். குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கே கீழே உள்ளவை.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைக் கழற்றி வைக்கவேண்டும். ‘வருத்தக்காரன்தானே, மரக்கறிக் கடைக்குப் போவம்’ என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மரக்கறிச் சாப்பாட்டுக் கோப்பையைப் பாருங்கள்: பருப்பு, கீரைக்கடையல், வாழைக்காய்க் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், தக்காளி போட்ட சாம்பார், அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய். முதல் ஐந்திலும் பொற்றாசியம், கடைசி மூன்றிலும் உப்பு. கோயில் அன்னதானமும் அந்தியேட்டி வீட்டுச் சாப்பாடும் இதே கணக்குத்தான். ஒரு துண்டு மீனும் கோவா வறையும் வெள்ளைச் சோறும் வாங்கினவர் இவரைவிடப் பாதுகாப்பாகச் சாப்பிட்டவராகிறார். கோவா, புடலங்காய், பீர்க்கங்காய், வெள்ளரி, வெங்காயம் ஆகியவற்றில் பொற்றாசியம் ஒப்பீட்டளவில் குறைவு. வெள்ளைச் சோற்றிலும் மிகக் குறைவு. நீரிழிவுக்காகச் சிவப்பரிசிக்கு மாறியவர்கள் எது தமக்குப் பொருந்தும் என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் குழம்பை விடச் சொல்லக்கூடாது. காரணம் எளிது. பொற்றாசியமும் உப்பும் நீரில் கரையும். காயிலும் கிழங்கிலும் இருந்தது வெந்ததும் குழம்புக்குள் இறங்கிவிடுகிறது. வீட்டில் ஊற்றச் சொன்ன அந்த அவித்த தண்ணீர்தான் கடையில் தேங்காய்ப்பாலோடு சேர்ந்து சோற்றில் ஊறுகிறது. ஆகவே துண்டை எடுங்கள், குழம்பை விடுங்கள். பார்சல் வாங்கினால் இது முடியாது. கட்டும்போதே மேலே ஊற்றிவிடுவார்கள், வீடு போய்ச் சேருமுன் சோறு முழுவதும் ஊறிவிடும். கறியைத் தனிப் பையில் கட்டச் சொல்லவேண்டும்.

சட்டியில் ஏற்கெனவே கொதித்து முடிந்த கறியின் உப்பை யாராலும் குறைக்க முடியாது. சொன்ன பிறகு சமைப்பதில் குறைக்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. ஒம்லட் உங்களுக்காக அடிப்பது, ‘உப்புப் போடாமல் போடுங்கோ’ என்றால் போடுவார்கள். எல்லோரும் பயப்படுகிற கொத்துரொட்டிகூடக் கண்முன் கொத்துவதுதான். ரொட்டி மாவில் உள்ள உப்பை எடுக்க முடியாது. ஆனால் ‘அண்ணை, சோயா சோஸ், அஜினோமோட்டோ, குழம்பு ஒண்டும் வேண்டாம், கோவாவும் முட்டையும் கூடப் போட்டுக் கொத்துங்கோ’ என்று சொல்லலாம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறக்குறைய 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதுக்குமே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி.

காலைச் சாப்பாடு என்றால் இடியப்பம், தோசை, வெள்ளை அப்பம் எடுக்கலாம். சொதியை மேலே ஊற்ற விடாமல் சிறு கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளவேண்டும். தேங்காய்ச் சம்பல் ஒரு கிள்ளு. கட்டாச்சம்பலும் கருவாடும் வேண்டவே வேண்டாம். ரோல்ஸ், கட்லட், சொசேஜ் பணிஸ் வகைகளில் உப்பும் கிழங்கும் போதாதென்று, பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படும் பொஸ்பேற்றும் இருக்கிறது. அது உடலில் வேகமாக ஏறி எலும்பையும் இரத்தக் குழாய்களையும் பழுதாக்கும். கறுப்பு நிற கோலாப் பானங்களிலும் பொஸ்போரிக் அமிலம் உண்டு.

வெயிலில் வருகிறவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் அன்பு. இந்த நோயாளிக்கு அது ஆபத்தான அன்பு. 100 மில்லிலீற்றர் இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கும். கட்டுப்பாடு சொல்லப்பட்ட பலருக்கு நாள் முழுவதுக்குமே 2000 முதல் 3000 மில்லிகிராம் வரைதான் அளவு. ஒரு பெரிய செவ்விளநீரும் இரண்டு வாழைப்பழமும் அதில் பாதியை எடுத்துவிடும். காமரங்கா எனும் நட்சத்திரப் பழத்தின் யூஸ் இன்னும் கொடியது. அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, அறிவு தடுமாறி, வலிப்பு வந்து உயிரே போகலாம். அதை ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது. பிளேன்ரீ குடிக்கலாம். நீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அதையும், ரசம், சொதி, ஐஸ்கிறீம் ஆகியவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவேண்டும்.

மீனும் முட்டையும் எவ்வளவு என்பதில் பலர் குழம்புகிறார்கள். டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தை அளவோடு வைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள், சுத்திகரிப்பின்போது புரதமும் போய்விடுவதால். பழைய தாளை வைத்துக்கொண்டு முட்டையை ஒதுக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் வீணாக மெலிகிறார்கள். பொஸ்பரசைக் கட்டுப்படுத்தத் தரப்படும் குளிசையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் அது வேலை செய்யும். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அன்றைய சாப்பாட்டுக்குப் பயனில்லை, சட்டைப் பையில் இரண்டு இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் சாப்பாடு மேசைக்கு வருமுன் ஊசி போடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் இன்சுலின் கூடிய நேரம் நிற்கும், சீனி சட்டென்று இறங்கும். இறங்கினால் சீனியோ குளுக்கோசோ கரைத்துக் கொடுங்கள். தோடம்பழச் சாறு வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் கடையில் வாய் திறப்பதில்லை. கூட்ட நேரம், பரிமாறுகிற தம்பி ஓடிக்கொண்டிருப்பான், தனியாகக் கேட்பது பெரிய மனிசர் எடுப்புப் போலத் தெரியும். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. 2009 இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வெயிலில் வரிசையில் நின்றவர்கள் இன்று இந்தக் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். போட்ட சாப்பாட்டை மீதம் வைத்து எழும்ப அவர்களுக்கு மனம் வராது. குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார்கள். உணவுத்தாள் எழுதுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. அதனால் மீதம் வையுங்கள் என்று சொல்வதில் பயனில்லை. போடுமுன் சொல்லவேண்டும்: ‘தம்பி, எனக்குக் கிட்னி வருத்தம். சோறும் மீனும் கோவாவும் மட்டும் வை ராசா, குழம்பு விடாதை.’ நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பதில்லை, அவர்களின் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். வாய் வராதவர்களுக்காகக் கூட வருகிற பிள்ளை கேட்கலாம்.

வைத்தியசாலை வாசல் கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் ஒரு மரக்கறியை, கோவாவோ புடலங்காயோ, அவித்து வடித்து உப்பில்லாமல் தாளித்து ஒரு சிறு சட்டியில் வைக்கலாம். உப்பு வேண்டியவர் மேசையில் போட்டுக்கொள்ளட்டும். செலவு பெரிதில்லை. கிளினிக் நாட்கள் எவை என்பது அந்தக் கடைக்காரர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.