மறு தரப்பையும் கேட்க வேண்டாமா?

இளைஞராயிருந்த ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் அறிவுரை கூறினார்கள். வழக்காடிகள் இருவர் முன்வந்து அமர்ந்தால், ஒருவர் கூற்றை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்துவிடலாகாது. மற்றவர் கூற்றையும் கேட்ட பின்னரே தீர்ப்பு என்பதே அது. பிரிட்டனில் நடந்த பெல்மார்ஷ் சிறை வழக்கைப் படிப்போர்க்கு இவ்வறிவுரை நினைவில் எழாமற் போகாது.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலுக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டவர் ஒருவரைப் பயங்கரவாதியென ஐயுறுவதாக உள்துறை அமைச்சர் சான்றளித்து, அவரை நாடு கடத்தவும் இயலாதெனில், விசாரணையின்றிக் காலவரையறையின்றிச் சிறையில் வைக்கலாம் என்றது அச்சட்டம். நாடு கடத்த இயலாதது ஏன்? சித்திரவதைக்கு ஆளாகும் அபாயமுள்ள நாட்டுக்கு எவரையும் அனுப்பலாகாது என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பைப் பெற்றவர் ஆறாண்டுக்கு மேல் அடைபட்டிருந்த இந்தியச் சீக்கியர் ஒருவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

புதிய சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டோருள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களே மிகுதி. அவர்கள் விரும்பினால் நாட்டை விட்டு வெளியேறலாம், ஆகவே இச்சிறைக்குச் சுவர்கள் மூன்றே என்று வாதிக்கப்பட்டது. இருவர் அவ்வாறே வெளியேறினர். ஏனையோர்க்குச் சித்திரவதை அச்சமே நான்காவது சுவராக நின்றது!

2004 டிசம்பர் 16 அன்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒன்பதின்மரில் எண்மர் இச்சிறைவைப்பு மனித உரிமைக்கு முரணானது என்றனர். அதே அபாயம் குடிமக்களாலும் விளையக்கூடும். அவர்களை விட்டுவிட்டு அயலாரை மட்டும் அடைப்பது பாரபட்சம் என்பது அவர்களுள் பெரும்பாலோர் கண்ட நியாயம். ஆயினும் சிறைக்கதவைத் திறக்கும் அதிகாரம் அத்தீர்ப்புக்கு இல்லை. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றிய பின்னரே பழைய ஏற்பாடு ஒழிந்தது. அதனிடத்தில் வீட்டோடு கட்டிப்போடும் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன.

காலவரையறையின்மையினும் கொடியது இரகசியச் சான்று. அரசின் மறைவான ஆவணங்களை அடைபட்டவரும் பார்க்க முடியாது, அவருடைய வழக்குரைஞரும் பார்க்க முடியாது. அவர் சார்பில் தனி வழக்குரைஞர் ஒருவர் நியமிக்கப்படுவார். ஆவணங்களைப் பார்த்தபின் அனுமதியின்றி அவர் அடைபட்டவரிடம் ஒரு சொல்லும் பேசலாகாது. ‘இன்ன நாளில் இன்ன ஊரில் இருந்தாயா?’ என்று கேட்கவும் வழியில்லையெனில் எதைக் கொண்டு வாதாடுவது? இப்பொறுப்பிலிருந்த மூத்த வழக்குரைஞர் இயன் மெக்டொனால்ட் 2004இன் இறுதியில் மனம் ஒப்பாமல் பதவி துறந்தார்.

2009 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் திருத்த முற்பட்டது. அடைபட்டவர் மறுத்துரைக்க இயலும் அளவுக்கேனும் குற்றச்சாட்டின் சாரத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அவ்வாண்டு ஜூனில் பிரபுக்கள் சபையும் கட்டுப்பாட்டு ஆணை வழக்குகளில் அதனை ஏற்றது. ஆனால் நாடு கடத்தலை எதிர்த்து முறையிடுவோர்க்கு இவ்வுரிமையை அந்நாட்டு நீதிமன்றங்கள் வழங்கவில்லை. குடியேற்றக் காவலுக்குச் சட்டத்தில் கால உச்சவரம்பும் அங்கே வகுக்கப்படவில்லை. சீர்திருத்தம் கோருவோர் இன்று கேட்பவை இவ்விரண்டையுமே.