நினைத்த கனவு காணப் பச்சிலையா? ஊமத்தையைத் தின்றால் கனவு வராது, ஆஸ்பத்திரி கட்டில்தான்!

கனவு கண்டுகொண்டு இருக்கும்போதே, "அட, இது கனவு!" என்று தெரிந்துவிட வேண்டும். அப்புறம் அந்தக் கனவில் பறக்கலாம். செத்துப்போன அப்பாவோடு உட்கார்ந்து பேசலாம். பிடித்த நடிகையோடு டீ குடிக்கலாம். விடிந்ததும் எழுந்து பல் விளக்கிவிட்டு வேலைக்குப் போகலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வாலிபப் பசங்க சும்மா இருப்பார்களா?

வெளிநாட்டில் இதற்கென்றே மாத்திரை, பொடி, இலை என்று விற்கிறார்கள். செல்போன் இருக்கிற வீட்டில் எல்லாம் அந்தச் சரக்கின் பெருமையும் இருக்கிறது. ஓசூரில் நைட் ஷிப்டு முடித்துவிட்டு, பகலில் தூக்கம் வராமல் புரண்டு படுக்கிறவன் காதில் மட்டும் விழாமல் போகுமா?

டாலர் கொடுத்து வாங்க முடியாதவன் என்ன செய்வான்? "வெள்ளைக்காரன் விற்பதும் பச்சிலைதானே, நம்ம ஊரில் இல்லாத பச்சிலையா?" என்று வேலியோரம் பார்ப்பான்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

சிங்காரப்பேட்டை, ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர். கிருஷ்ணகிரியில் இருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். 1767-ம் ஆண்டு ஐதர் அலி படையும் வெள்ளைக்காரன் படையும் மோதிக்கொண்ட செங்கம் கணவாய்க்கு மேற்கு வாசல் இதுதான். மலையில் மூலிகைக்குப் பஞ்சம் இல்லை. "மூலிகை என்றால் கெடுதல் செய்யாது" என்கிற நம்பிக்கைக்கும் பஞ்சம் இல்லை.

அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிற செடி ஒன்று குப்பைமேட்டில், சாலையோரத்தில், பள்ளிக்கூடச் சுவர் ஓரத்தில் நீர் ஊற்றாமலே வளர்ந்து நிற்கிறது. அதுதான் ஊமத்தை.

வேலியோர எமன்

சிவனுக்குச் சாத்துகிற பூ. புனல் மாதிரி பூ. முள்ளு முள்ளாய் உருண்டைக் காய். காயைப் பிளந்தால் உள்ளே விதை. இந்த விதைதான் போலீசாருக்கும் டாக்டர்களுக்கும் பழைய பகையாளி.

அந்தக் காலத்து வழிப்பறிக்காரர்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வழிப்போக்கனோடு சிநேகமாகப் பேசி, சோற்றிலோ பலகாரத்திலோ ஊமத்தை விதையை அரைத்துக் கலந்து கொடுத்துவிடுவார்கள். அவன் பேதலித்துப் போனதும் மூட்டை முடிச்சைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ், டாக்டர் குறிப்புகளில் இந்தச் சங்கதி நிறைய இருக்கிறது. வழிப்பறி விஷம் என்றே இதற்குப் பேர்.

ஊமத்தை விதையும் காய்ந்த மிளகாய் விதையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் குழம்பில் கலந்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை! இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பது இன்றைக்கும் நம் நாட்டு டாக்டர் படிப்பில் ஒரு பாடம். மிளகாய் விதை மெலிசு, வெளிர் மஞ்சள், நாக்கில் வைத்தால் எரியும். ஊமத்தை விதை கொஞ்சம் பெரிசு, தடிமன், பழுப்பு நிறம், கசக்கும். (நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை உங்களுக்கு வேண்டாம்.)

தின்றவனுக்கு என்ன ஆகும்?

அரை மணி, ஒரு மணி நேரத்தில் வாய் வறண்டு போகும். தண்ணீர்கூட இறங்காது. முகம் சிவக்கும். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், ஆனால் ஒரு சொட்டு வியர்வை வராது. கண்ணின் கருமணி அகல விரியும், எழுத்து தெரியாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நடந்தால் குடிகாரன் நடை.

அதன் பிறகு பிதற்றல். இல்லாத ஆளோடு பேசுவான். போட்டிருக்கும் சட்டையைப் பிய்ப்பான். விரல் நுனியில் இருந்து நூல் இழுப்பது போல இழுத்துக்கொண்டே இருப்பான். ஊசியே இல்லாமல் நூல் கோப்பான். டாக்டர்கள் இதை வைத்தே "ஊமத்தை" என்று சொல்லிவிடுவார்கள். இது ஒரு நாள், சில பேருக்கு இரண்டு நாளும் நீடிக்கும். அளவு மீறினால் மூச்சு நின்று உயிர் போகும்.

தெளிந்த பிறகு கேட்டுப் பாருங்கள். "என்ன கண்டாய்?" என்றால் முழிப்பான். பெரும்பாலும் ஒன்றும் நினைவு இருக்காது.

இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். கனவைக் கனவென்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒருவன் இதைத் தின்கிறான். தின்றதும் அவன் கண் திறந்தே இருக்கிறது. ஆனால் காண்பதெல்லாம் நிஜம் என்று நம்புகிறான். கேட்டது ஒன்று, கிடைத்தது அதற்கு நேர் எதிர்!

ஊமத்தையைச் சித்த வைத்தியத்தில் உபயோகிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். படித்த வைத்தியர் சுத்தி செய்து, அளவு பார்த்து, பெரும்பாலும் மேல்பூச்சாகக் கொடுப்பது வேறு. வேலியில் பறித்து வாயில் போடுவது வேறு.

தபால்காரர் கதை

மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் சங்கதி இன்னும் புரியும்.

தூக்கம் ஒரே மாதிரி ஓடுவது இல்லை. சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் இங்கும் அங்கும் ஓடும். அந்த நேரத்தில்தான் தெளிவான கனவுகள் நிறைய வரும். 1953-ல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது இது. முதல் சுற்றில் சில நிமிடம்தான் இந்தக் கனவுத் தூக்கம். விடிய விடிய நீளம் கூடும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டி சொல்வாளே! பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலையில் கனவு ஜாஸ்தி, நினைவிலும் நிற்கும். அந்த மட்டும் பாட்டி கெட்டிக்காரி.

அந்தக் கனவு நேரத்தில் மூளையில் "அசிட்டைல்கோலின்" என்கிற ரசாயனம் பெருகி ஓடுகிறது. அதைச் சேதி கொண்டுபோகிற தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் ஆகிய விஷங்கள், தபால்காரர் வந்து தட்டினாலும் கதவு திறக்காமல் பூட்டுப் போட்டுவிடுகின்றன. ஸ்கோபாலமின் கொடுத்தால் கனவுத் தூக்கம் தள்ளிப் போகிறது, குறைகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். ஆக, ஊமத்தை கனவுக்கே எதிரி!

குடித்தவன் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சரக்கு உள்ளே போனால் முன்னிரவில் கனவுத் தூக்கம் வெட்டுப்படும். கஞ்சாவும் கனவைக் குறைக்கிற சரக்குதான்.

பனிப்பூ மாத்திரை

அப்படியானால் மருந்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேலியில் இல்லை, டாக்டர் சீட்டில் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் காகசஸ் மலைப் பக்கமும் பனி உருகும்போது எட்டிப் பார்க்கிற ஒரு சின்ன வெள்ளைப் பூச்செடி. அதன் கிழங்கில் இருந்து 1950-களில் எடுத்த சத்துக்குப் பேர் "காலண்டமின்". தபால்காரரைக் கூட்டித் தள்ளுகிற துடைப்பத்தை இது பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் அசிட்டைல்கோலின் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. வயசானவர்களின் அல்சைமர் மறதி நோய்க்கு 2001-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

இதைக் கனவுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் ஸ்டீபன் லாபெர்ஜ் கோஷ்டியார். 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 121 பேர், மூன்று ராத்திரி. படுத்து நாலரை மணி நேரம் ஆனதும் எழுப்பி ஒரு மாத்திரை. அரை மணி விழித்திருந்து, மனப் பயிற்சியோடு மறுபடி படுக்க வேண்டும். வெறும் மாவு மாத்திரை விழுங்கிய ராத்திரியில் 100-க்கு 14 பேருக்கு "இது கனவு" என்று தெரிந்தது. 4 மில்லி கிராமில் 27 பேர். 8 மில்லி கிராமில் 42 பேர்.

இது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வந்தவர்கள் எல்லாம் இந்தக் கனவில் ஏற்கனவே பைத்தியமாக இருந்தவர்கள். சில பேருக்கு வயிற்றைப் புரட்டியது, சில பேருக்குத் தூக்கமே கெட்டது. இருதயத் துடிப்பு மெதுவாக இருக்கிறவன், ஆஸ்துமாக்காரன், வயிற்றுப்புண்காரன் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாத மாத்திரை இது.

இதில் ஒரு வேடிக்கை! கிரேக்க நாட்டுப் பழைய காவியம் ஒடிசியில், மந்திரக்காரி ஒருத்தி வீரர்களுக்கு மருந்து வைத்துப் பன்றியாக்குகிறாள். கதாநாயகனுக்கு ஒரு வெள்ளைப் பூ மாற்று மருந்தாகக் கிடைக்கிறது. அவள் வைத்தது ஊமத்தை இனம், மாற்று மருந்து இந்தப் பனிப்பூ என்று 1983-ல் இரண்டு டாக்டர்கள் கட்டுரை எழுதினார்கள். ஊமத்தையும் பனிப்பூவும் அப்படிப்பட்ட எதிரிகள்.

பொட்டலச் சரக்கு

மற்ற சரக்குகள்? விட்டமின் பி6-ஐ ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் 100 பேருக்குக் கொடுத்தார்கள். ஐந்து ராத்திரி, தினம் 240 மில்லி கிராம். கண்ட கனவு விடிந்த பிறகு அதிகமாக நினைவில் நின்றது. அம்புட்டுதான். நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 2 மில்லி கிராம். மாதக் கணக்கில் அள்ளி விழுங்கினால் நரம்பு கெட்டுக் கைகால் மரத்துப் போகும்.

அமுக்கரா நல்ல தூக்கம் கொடுக்கும் என்று நம் வைத்தியர்கள் வெகு காலமாகச் சொல்கிறார்கள். அதன் லத்தீன் பேரிலேயே தூக்கம் இருக்கிறது. ஆனால் தூக்கம் வருவது வேறு, கனவில் புத்தி விழிப்பது வேறு. ஈரல் கெட்ட சம்பவங்களும் உண்டு. டென்மார்க்கில் 2023-ல் தடையே போட்டுவிட்டார்கள். சாதிக்காயை அளவு மீறித் தின்றால் வாந்தியும் பிதற்றலும்தான் வரும்.

மெக்சிகோவில் சொந்தால் மக்கள் ஒரு கசப்பு இலை குடிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கோசா பூசாரிகள் ஒரு வேரைத் தண்ணீரில் கடைந்து நுரையைக் குடிக்கிறார்கள். அது அவர்கள் சாமி காரியம், அதற்கு விரதம், குரு எல்லாம் உண்டு. அதைப் பொட்டலம் கட்டித் தபாலில் வரவழைத்தால் குரு கூட வருவாரா?

கடைகளில் விற்கிற சத்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாக உபயோகிக்க அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதை யார் படிக்கிறார்கள்!

காசில்லாத வழி

ஆசை விடவில்லையா? பைசா செலவில்லாத வழி இருக்கிறது.

பகலில் பத்து தடவை "இது கனவா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் போர்டைப் படியுங்கள். தலையைத் திருப்பிவிட்டு மறுபடி படியுங்கள். நனவில் "ஊத்தங்கரை" ஊத்தங்கரையாகவே இருக்கும். கனவில் அது சேலமாகிவிடும், இல்லை எழுத்தே கலைந்துவிடும். இந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வந்துவிடும்.

ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, கண்ட கனவை நினைத்துப் பார்த்து, "அடுத்த கனவில் அது கனவு என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தூங்க வேண்டும். அதே அடிலெய்டில் 2017-ல் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மொத்த முயற்சியில் 100-க்கு 17 பலித்தது. சொல்லிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப் போனவர்களுக்கு 100-க்கு 46! மாத்திரைச் சோதனை வேறு, இது வேறு. நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் மாத்திரை இல்லாமலே இவ்வளவு.

மைசூர் பக்கம் பைலகுப்பேயில் 1960-களில் குடியேறினார்களே திபெத்தியர்கள், அவர்கள் மார்க்கத்திலும் கனவு யோகம் உண்டு. நாரோபா என்கிற இந்தியப் பெரியவர் பேரில் வழங்குகிறது. அதுவும் மனப் பயிற்சிதான்.

ஷிப்டு தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. வேலை நாளில் இந்த விளையாட்டு கூடாது. அரைத் தூக்கத்தோடு பிரஸ் மெஷினில் கை வைப்பதும், விடிகாலையில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் கனவில் விழித்துக்கொள்ளும் சங்கதி அல்ல. லீவு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தை இப்படி நடுவில் முறிக்கும்போது சில பேரை "அமுக்குவான் பேய்" அமுக்கும். புத்தி விழித்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கனவில் ஓடினால் கட்டிலை விட்டு ஓடிவிடக்கூடாது என்று உடம்பே போட்டு வைத்த பூட்டு அது. புத்தி முந்திக்கொண்டு விழித்துவிட்டது. சிறிது நேரத்தில் தானாக விலகும். மந்திரவாதிக்குக் கோழி வாங்க வேண்டாம்.

யாராவது ஊமத்தை தின்றுவிட்டால்

மோர் ஊற்றுவது, புளி கரைத்துக் கொடுப்பது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். புத்தி தடுமாறியவனுக்குப் புரை ஏறி அதுவே எமனாகிவிடும். தனியாக விடாதீர்கள், கிணறு, ரோடு எது என்று அவனுக்குத் தெரியாது. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஊத்தங்கரையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022-ல் வந்துவிட்டது.

என்ன தின்றான் என்பதை மறைக்கக்கூடாது. காயோ விதையோ மிச்சம் கிடந்தால் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுபோங்கள். மிளகாய் விதையா, மற்றதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.