மலையேறும் குப்பை – 6: பொறுக்கும் முன் எண்ணுங்கள்

சென்ற வாரம் நீலகிரியின் பர்லியாறு சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில்கள் பிடிபடுவதைப் பற்றிப் பேசினோம். அங்கே சிக்காமல் மலையேறும் பொட்டலங்கள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றைத் துரத்திப் போகும் இளைஞர்களின் உழைப்பு எங்கே வீணாகிறது என்பது இந்த வாரம்.

மலர்க் கண்காட்சிக் கூட்டம் வடிந்த பிறகு குன்னூர்–ஊட்டி சாலையோரத் தேயிலைத் தோட்டம் எதையாவது நின்று பாருங்கள். ரோட்டை ஒட்டிய செடிகளுக்குள் சிப்ஸ் உறைகள் பளபளக்கும். கவாத்து செய்து மட்டமாக, நெருக்கமாக வளர்க்கும் செடி அது. காரிலிருந்து வீசிய உறை கிளைகளுக்கு நடுவே இறங்கிவிட்டால் காற்றும் மழையும் அதை அசைக்காது. கொழுந்து பறிக்க வருபவர்தான் கைவிட்டு எடுத்துப் போட வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கிடையாது. எடை போடுவது இலைக்கு மட்டும்.

இதையெல்லாம் பொறுக்க இங்கே இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969-ல். அதில் சேரும் கல்லூரி மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். 7 நாள் சிறப்பு முகாம் வேறு. பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தூய்மை முகாம்கள் எப்படி நடக்கின்றன? பேனர், கையுறை, குழுப் படம், மூட்டை மூட்டையாகக் குப்பை, மதியம் பிரிஞ்சி. அடுத்த சனி, ஞாயிறு முடிந்ததும் அதே இடத்தில் அதே குப்பை.

எஸ்டோனியாவில் 2008 மே 3 அன்று சுமார் 50,000 தன்னார்வலர்கள் ஒரே நாளில் நாட்டைச் சுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 10,000 டன் குப்பை அகன்றது. உலகம் வியந்தது அந்த ஒரு நாளைப் பார்த்து. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய மாதங்கள். காட்டுக்குள் எங்கெங்கே குப்பை கொட்டப்பட்டிருக்கிறது என்று தேடித் தேடி, செல்போனில் படம் பிடித்து, வரைபடத்தில் ஏற்றினார்கள். குனிந்து எடுப்பதற்கு முன்பே குப்பை எங்கே, எவ்வளவு என்பது அவர்கள் கையில் இருந்தது.

நம் மலையிலும் அப்படி யோசித்த வேலைகள்தான் நின்றிருக்கின்றன. சுப்ரியா சாஹு இங்கே ஆட்சியராக இருந்தபோது நடத்திய ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைக் கடைகளிலேயே மறித்தது. மாநிலம் முழுவதற்கும் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முந்திக்கொண்டது. மது பாட்டில் கதை இன்னும் சுவாரசியம். உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2022 மே 15 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். விற்றதில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும் பொறுக்கி வந்தவருக்குக் காசு! எந்தச் சுவர் விளம்பரமும் செய்யாத வேலையை அந்த 10 ரூபாய் செய்தது.

குன்னூரில் ‘கிளீன் குன்னூர்’ தன்னார்வலர்கள் கை வைத்தது நகரத்தின் நாறும் மூலையில், ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கில். நகராட்சியோடு சேர்ந்து அதைத் தரம் பிரிக்கும் மையமாக மாற்றினார்கள். அங்கே குப்பை வகை வகையாகப் பிரிகிறது. விலை போவது விலைக்குப் போகிறது. ஊருக்கு நடுவே ஓடும் குன்னூர் ஆற்றையும் சுத்தம் செய்தார்கள். அந்த ஆறு கீழே இறங்கிப் பவானியில் கலக்கிறது என்பதைச் சமவெளிக்காரர்கள் மறந்துவிட வேண்டாம்.

இனி கற்பனைத் திறன் விஷயம். குப்பையைத் தடுக்கப் புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால் உடனே சுவரில் யானை வரைகிறார்கள். அழகுதான். அந்த யானைக்குப் பக்கத்தில் தொட்டி இல்லையென்றால் சிப்ஸ் உறை யானையின் காலடியில்தான் விழும். தொட்டி வைத்தாலோ மூடியைத் திறந்து குரங்கு இறைத்துவிடும். இரவில் கரடி உருட்டிவிடும். குரங்கு திறக்க முடியாத, குழந்தை திறக்கக்கூடிய மூடி ஒன்றைப் பொறியியல் மாணவர்கள் வடிவமைத்தால் அது நூறு ஓவியத்துக்குச் சமம். நாடகம் போடத் தெரிந்தவர்கள் பள்ளி விழா மேடையை விட்டு, சுற்றுலா வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போகலாம். குப்பை போடுகிறவர் அங்கேதானே இருக்கிறார்.

பொறுக்கியதை எண்ணுவது இன்னொரு வழி. மூட்டையை அப்படியே லாரியில் ஏற்றாமல் தரையில் கொட்டி, எந்த கம்பெனி உறை எத்தனை, எந்தத் திருப்பத்தில் அதிகம் என்று நோட்டில் குறிப்பது. உலகில் பல நாடுகளில் தன்னார்வலர்கள் இப்படிப் பிராண்டு வாரியாகக் கணக்கெடுத்துப் பெயர்களை வெளியிடுகிறார்கள். தயாரிப்பாளர் தன் உறையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற பொறுப்பு நம் பிளாஸ்டிக் கழிவு விதிகளிலும் இருக்கிறது. அதைக் கேட்க வெறும் ஆதங்கம் போதாது, கணக்கு வேண்டும்.

நீலகிரிக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிறப்பு முகாமில் 7 நாளில் 2 நாள் பொறுக்கட்டும். மீதி 5 நாள் எண்ணட்டும், வரைபடம் போடட்டும், கடைக்காரர்களிடம் பேசட்டும். அந்தப் பட்டியலை நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை இந்தத் தொடருக்கும் அனுப்பினால் அப்படியே அச்சிடுகிறோம்.

(தொடரும்)