எண் விளையாட்டும் கணக்கறிவும்

புதுச்சேரியிலிருந்து வடக்கு நோக்கிக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர்க்கு மரக்காணத்தை நெருங்குங்கால் வெண்குவியல்கள் வரிசை வரிசையாகத் தென்படும். அவை உப்புக் குவியல்கள். சதுரமும் நீள்சதுரமுமாக வரப்பிட்டு வகுக்கப்பட்ட பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சப்படுகிறது. அந்நீர் கதிரவன் வெம்மையால் நாளுக்கு நாள் சுண்டி, பாத்திக்குப் பாத்தி மாறி, இறுதியில் உப்பாக உறைகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு ஏறத்தாழ 35 கிராம். நூறு லிட்டர் நீர் முழுவதும் வற்றினாலும் கிடைப்பது மூன்றரைக் கிலோகிராமே. அங்ஙனம் விளைந்ததைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, மூட்டையாகக் கட்டி ஏற்றுவர்.

இது நேற்றுத் தோன்றிய தொழிலன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என அறிஞர் சிலர் கருதுவர். நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க இலக்கியங்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. அளந்து கொடுப்பதும் அளந்து வாங்குவதும் அன்றே உப்போடு சேர்ந்து நடந்தன. எனவே உப்பளத்தில் உழைப்போர்க்கு உடல்வலிமை எத்துணை வேண்டுமோ அத்துணைக் கணக்கறிவும் வேண்டும்.

இதனைச் சிறிது விரித்துக் காண்போம். வடகிழக்குப் பருவமழை பெய்யத் தொடங்கின் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுவிடும். அத்திங்கள்களில் குடும்பம் நடத்த முன்பணம் பெறுவோர் உண்டு. மழை நீங்கி உப்பு விளையும் பருவம் வந்ததும், வேலைக்கேற்ற கூலியிலிருந்து அம்முன்பணம் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு என்ன கூலி, கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்பனவற்றைத் தாமே போட்டுப் பார்க்கவல்லார் பிறர் எழுதிவைத்த ஏட்டைச் சரிபார்ப்பர். அது மாட்டாதார் பிறர் சொன்னதே கணக்கு எனக்கொண்டு வாங்கிச் செல்வர். பெருக்கலும் கழித்தலும் பள்ளித் தேர்வுக்கு மட்டும் உரியன என்று எண்ணும் பிள்ளை, தன் தாயின் கூலிச்சீட்டை ஒருமுறை பார்த்தல் நலம்.

ஆயினும் கணக்கு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே அஞ்சும் சிறார் எவ்வூரிலும் பலர். அவ்வச்சத்திற்குக் காரணம் என்னை? வகுப்பில் ஆசிரியர் வினவும் வினாவிற்கு விடை ஆசிரியருக்கு முன்னமே தெரியும். தெரியாதவன் மாணவன் ஒருவனே. தன் அறியாமை வெளிப்படுமோ என்னும் கூச்சத்தால் அவன் வாய் அடைத்துப்போகிறது. எண் விளையாட்டு இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. அங்கே மறைபொருளை உடையவன் மாணவன். அதனைக் கண்டு சொல்லும் கடமை ஆசிரியருடையது. விளையாட்டின் கவர்ச்சியெல்லாம் இவ்விடமாற்றத்தில்தான் இருக்கிறது.

உப்பளத்தை அடுத்த பள்ளி ஒன்றில் ஆசிரியர் இவ்வாறு தொடங்குகிறார் எனக் கொள்வோம்: “ஒவ்வொருவரும் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்ல வேண்டா. அதனை இரட்டியுங்கள். அதனோடு 8 கூட்டுங்கள். வந்ததைப் பாதியாக்குங்கள். முதலில் நினைத்த எண்ணை அதிலிருந்து கழியுங்கள். இப்போது எல்லாரிடமும் இருப்பது 4.” வகுப்பு வியப்பில் ஆழும். ஒருவன் மட்டும், “எனக்கு 5 வந்ததே, ஐயா!” என்பான். அவன் நினைத்தது 17. இரட்டித்து 34 என்றது சரி. 34-உடன் 8 கூட்டுங்கால் 44 என்று எழுதிவிட்டான். தவறு என்று எவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லார்க்கும் 4 வர, தனக்கு மட்டும் வாராமை கண்டு அவனே திரும்பிச் சென்று 42 என்று திருத்துவான், பாதி 21, அதில் 17 போக 4. பத்துக் கணக்கை ஏட்டில் எழுதச் சொன்னால் சோம்புகின்ற சிறுவன், விந்தை தன்னிடமும் பலிக்கவேண்டும் என்பதற்காக மீண்டும் மீண்டும் கூட்டிப் பார்க்கிறான்.

இனி அவ்விந்தையின் உட்பொருளைத் திறந்து காட்டவேண்டும். அதற்கு உப்பு மூட்டையினும் ஏற்ற கருவி வேறில்லை. வாய் தைத்த மூட்டை ஒன்று இருக்கிறது. அதனுள் எத்தனைப் படி உப்பு உள்ளதென்பதை அறிந்தவன் மாணவன் ஒருவனே. அம்மூட்டைதான் அவன் நினைத்த எண். இரட்டித்தால் ஒரே அளவுள்ள மூட்டைகள் இரண்டு. 8 கூட்டினால், இரண்டு மூட்டையும் பக்கத்தில் 8 படி உப்பும். பாதியாக்கினால் ஒரு மூட்டையும் 4 படியும். நினைத்த எண்ணைக் கழித்தல் என்பது அம்மூட்டையைத் தூக்கிச் செல்லுதலே. எஞ்சி நிற்பது 4 படி. மூட்டைக்குள் 3 படி இருந்தால் என்ன, 300 படி இருந்தால் என்ன? அதனை அவிழ்த்துப் பார்க்கவே தேவையில்லையே! கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதனை மூட்டை என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். சில ஆண்டுகள் கழித்து அவ்வட்டத்தின் இடத்தில் ஓர் எழுத்தை வைத்து அதனை இயற்கணிதம் என்பர். பெயரைக் கேட்டு அஞ்சுவோர், மூட்டையைத் தூக்கியபோதே அதனைச் செய்து முடித்துவிட்டனர்.

உட்பொருளைத் திறவாது விட்டால் நேர்வது வேறு. காரணம் மறைக்கப்பட்ட விந்தை வெறும் கண்கட்டு வித்தையாய் முடியும். எண்ணுக்கு ஏதோ மந்திர ஆற்றல் உண்டென்றும், இன்ன எண் நன்மை தரும், இன்ன எண் தீமை தரும் என்றும் நம்பும் பேதைமை அங்கிருந்தே கிளைக்கும். விளையாட்டைக் காட்டிவிட்டு ஏன் என்பதைச் சொல்லாது செல்லும் ஆசிரியர் பாதி வேலையைத்தான் செய்தவராவர். செய்யாது விட்ட பாதியே பெரும் பாதி.

இத்தகைய விந்தைக் கணக்குகள் தமிழர்க்குப் புதியன அல்ல. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழைய கணித நூல், நில அளவை, பொன் அளவை முதலியவற்றோடு, கேட்போர் வியக்கும் கணக்குகள் சிலவற்றையும் கூறுகிறது. பூசணிக்காயை அறுக்காமலே அதனுள் இருக்கும் விதைகளை எண்ணிச் சொல்லும் வழி அவற்றுள் ஒன்று. காயின் மேலுள்ள கீற்றுக்களை எண்ணி, அதனை 3-ஆலும், பின்னர் 6-ஆலும், அதன்பின் 5-ஆலும் பெருக்குக; வந்ததில் பாதியைத் தள்ளி, எஞ்சியதை 3-ஆல் வகுக்க; அதுவே விதைத்தொகை என்பது அந்நூல் முறை. கீற்று 8 எனின், 24, 144, 720, பாதி 360, மூன்றிலொன்று 120.

சற்று ஊன்றி நோக்குக. 3-ஆல் பெருக்கியது பின்னர் 3-ஆல் வகுத்ததனால் நீங்கியது. 6-ஆல் பெருக்கிப் பாதியாக்கியது 3-ஆல் பெருக்கியதேயாம். அதனோடு 5-ஐச் சேர்க்க, 15. ஆகவே இத்தனை சுற்றும் சுற்றி நூல் சொல்வது, கீற்றை 15-ஆல் பெருக்குக என்பதொன்றே! எட்டுப் பதினைந்து 120. அங்ஙனமாயின் நேரே சொல்லாமல் ஏன் சுற்றிச் சொல்லவேண்டும்? சுற்றிச் சொன்னமையால்தான் ஒரு காயை வைத்துக்கொண்டு மாணவன் ஐந்து கணக்குப் போடுகிறான்; எதிர் எதிரான இரு தொழில்கள் ஒன்றையொன்று அழிப்பதையும் அறிகிறான். பூசணிக்காய் இவ்விதிக்குக் கட்டுப்பட்டு விதை வைக்கிறதா என்பது வேறு வினா. காயை அறுத்து எண்ணிப் பார்த்தல் எவர்க்கும் தடையில்லை. எண்ணிய விதையை வறுத்தும் தின்னலாம். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்துச் சுளைத்தொகை காணும் விதியும் அந்நூலில் உண்டு.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்க ஓதி மனப்பாடம் செய்தனர். மணலில் விரலால் எழுதிப் பழகினர். முந்திரி முதல் முக்கால் வரையுள்ள பின்னங்களையும் வாய்பாடாகக் கற்றனர். இக்காலத்தார் சிலர் மனப்பாடத்தை இகழ்வர், அது பொருந்தாது. எட்டுப் பதினைந்து எவ்வளவு என்று நினைவில் இல்லாதவனுக்குப் பூசணி விந்தை விந்தையாகவே தோன்றாது. விளையாட்டு வாய்பாட்டின் இடத்தைக் கொள்ளாது. வாய்பாட்டைக் கற்கும் விருப்பத்தைத் தூண்டும், அவ்வளவே.

கழித்தலைப் பழக்குவதற்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு விந்தையை நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரே கண்டறிந்தார். அவர் மராட்டிய நாட்டில் நாசிக்கை அடுத்த தேவளாலியில் ஆசிரியராக இருந்த த. இரா. காப்ரேகர் (1905-1986). உயர் பட்டங்களோ பெரிய பதவியோ அவர்க்கு இல்லை. ஓய்ந்த நேரமெல்லாம் எண்களோடு விளையாடுவதே அவர் இன்பம். அவர் கண்ட முடிபு ஒன்றை 1949-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். அதனைப் பொருட்படுத்தாதார் அந்நாளில் பலர். இன்றோ 6174 என்னும் எண் உலகெங்கும் காப்ரேகர் மாறிலி என வழங்குகிறது.

அம்முடிபு வருமாறு: நான்கு இலக்கமுள்ள எண் ஒன்றை எடுத்துக்கொள்க, நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. அவ்விலக்கங்களைப் பெரியது முதலாக ஒருமுறையும், சிறியது முதலாக ஒருமுறையும் எழுதிப் பெரிய எண்ணினின்று சிறியதைக் கழிக்க. வந்த எண்ணை மீண்டும் அவ்வாறே செய்க. ஏழு முறைக்குள் 6174 வந்தே தீரும். வந்தபின் அது மாறாது.

உப்போடு தொடர்புடைய ஆண்டாகிய 1930-ஐயே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில்தான் இராசாசியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர் படை நடந்து சென்று வேதாரணியத்தில் தடையை மீறி உப்பு அள்ளியது. பெரியது முதலாக எழுத 9310, சிறியது முதலாக எழுத 0139, கழித்தால் 9171. மீண்டும் 9711-இல் 1179 போக 8532. மீண்டும் 8532-இல் 2358 போக 6174. இன்னும் ஒருமுறை செய்யினும் 7641-இல் 1467 போக அதே 6174. ஒவ்வொரு படியிலும் மேலிலக்கம் போதாமல் பக்கத்து இலக்கத்தினின்று கடன் வாங்கவேண்டியிருத்தலைக் காண்க. கடன் வாங்கிக் கழித்தலே சிறாரை மிகவும் இடர்ப்படுத்தும் பகுதி. முன்பணம் கழித்துக் கூலி பெறும் வீட்டுப் பிள்ளைக்கு மிகவும் வேண்டுவதும் அதுவே.

இதில் தவற்றைக் காணவும் ஒரு வழியுண்டு. கழித்து வந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டுக. 9171-க்கு 18, 8532-க்கு 18, 6174-க்கும் 18. எப்போதும் 9-இன் மடங்கே வரும். 10 என்பது ஒரு 9-உம் ஒன்றும்; 100 என்பது 99-உம் ஒன்றும்; 1000 என்பது 999-உம் ஒன்றும். ஆதலால் ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் மிஞ்சுவது எதுவோ, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தாலும் அதுவே மிஞ்சும். இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க, மிச்சங்கள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். 9-இன் மடங்கு வாராவிடின் கழித்தலில் தவறு உண்டென்பது உறுதி. வந்துவிட்டால் தவறே இல்லை என்று மட்டும் சொல்ல இயலாது. 9171-ஐ 9711 என இடம் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 18-தானே?

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் (1924-2005), விடையைச் சொல்லிக் கொடுப்பதினும் எண்களிடையே உள்ள ஒழுங்கை மாணவர் தாமே காணுமாறு செய்தலையே கல்வியெனக் கொண்டவர். 1993-இல் இராயபுரத்தில் தோன்றிய இராமானுசன் நினைவுக் கணித அருங்காட்சியகம் அவர்தம் முயற்சியின் பயனாகும்.

மூட்டை விந்தையையும் மாணவர் தாமே மாற்றி அமைக்கும்போதுதான் அது அவர்க்கு உரிமையாகிறது. 8-க்குப் பதில் 10 கூட்டினால் இறுதியில் 5. 20 கூட்டினால் 10. மும்மடங்காக்கி 12 கூட்டி மூன்றால் வகுத்தாலும் 4 வரும். இவ்வளவும் கண்ட சிறுமி ஒருத்தி 7 கூட்டச் சொல்லித் தன் தோழியை வினவுகிறாள் என்க. தோழி நினைத்தது 17, இரட்டிக்க 34, 7 கூட்ட 41. இதனைப் பாதியாக்க முடியவில்லையே என்று இருவரும் திகைப்பர். விந்தை பொய்த்துவிட்டது என்றும் எண்ணுவர். மீண்டும் மூட்டையை வரைந்து பார்க்கட்டும். இரண்டு மூட்டையும் 7 படி உப்பும் இருக்கின்றன. மூட்டையைப் பங்கிடுவதில் இடர் இல்லை, ஆளுக்கொன்று. 7 படியை இருவரும் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்று படி போக, ஒரு படி நடுவே நிற்கிறது. அதனை அரைப்படியால் அளந்து பிரித்துக்கொண்டால், விடை மூன்றரை.