கார் வாஷ் கூடத்துக்கு ஹீட்டர் எதற்கு?

பெங்களூரில் மார்கழி, தை மாதங்களின் விடிகாலைக் குளிர் சராசரியாக 15, 16 டிகிரி செல்சியஸ். இந்த ஊரில் இதுவரை பதிவான கடுங்குளிர் 1884 ஜனவரி 13 அன்றைய 7.8 டிகிரி. தண்ணீர் உறைய அன்றைக்கும் ஏறக்குறைய எட்டு டிகிரி பாக்கி இருந்தது. ஆகவே ஆட்டோமேட்டிக் கார் வாஷ் கூடத்துக்கு ஹீட்டர் போடலாமா என்று இங்கே யாராவது கேட்டால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனாலும் ஹீட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாத ஊர்களில் அதை எங்கே வைக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். சூடு எவ்வளவு விலை கூடிய சரக்கு என்பது அங்கேதான் தெரியும்.

டொரான்டோவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் சட்டென்று உறையாது, வழுக்கல் குறையும். அந்த உப்புச்சேறு காரின் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு இரும்பை அரிக்கும். கழுவுவதற்குக் கொஞ்சமும் தோதில்லாத பருவத்தில்தான் வண்டியை அவசியம் கழுவியாக வேண்டும். மைனஸ் பத்து டிகிரியில் கழுவினால் தரையில் வழிகிற நீர் பனிக்கட்டியாகிவிடும், குழாய் வெடிக்கும், ஷட்டர் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

கூடத்துக்குள் வெப்பக் காற்றை ஊதினால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் அந்த யோசனை நிற்காது. 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள காற்று சுமார் 320 கிலோ. அதை 15 டிகிரி சூடேற்ற 1.3 யூனிட் மின்சாரம் போதும். அற்பச் செலவுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு காருக்கும் ஷட்டர் திறக்கும். திறந்த மறு நிமிடம் அத்தனையும் வெளியே போய்விடும்.

அதே கூடத்தின் கான்கிரீட் தரை 15 சென்டிமீட்டர் கனம் என்றால், எடை 21 டன்னுக்கு மேல். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற ஐந்து யூனிட்டுக்கு மேல் வேண்டும். காற்று முழுவதும் 15 டிகிரி ஏறி வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைப் போல நான்கு மடங்கைத் தரை ஒரு டிகிரியிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஷட்டர் எத்தனை தடவை திறந்தாலும் அது எழுந்து ஓடிவிடாது. அதனால் குளிர்நாடுகளில் தரைக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, உறையாமலிருக்கக் கிளைகால் என்ற திரவம் கலந்த வெந்நீரைச் சுற்றவிடுகிறார்கள். கூரையிலிருந்து கேஸ் எரியும் நீண்ட இரும்புக் குழாயைத் தொங்கவிடுவதும் உண்டு. அதிலிருந்து இறங்கும் அகச்சிவப்புக் கதிர் நடுவிலுள்ள காற்றை ஏறக்குறைய சட்டை செய்யாமல் நேரே வண்டியிலும் தரையிலும் விழும். கையால் பிடித்துக் கழுவும் குழாய்களுக்கு இன்னும் மலிவான வழி: முழுவதும் மூடாமல் நீரைச் சொட்டவிடுவது. ஓடிக்கொண்டிருக்கும் நீர் அவ்வளவு எளிதில் உறையாது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலில் தண்ணீர் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் தனித்தனியே சூடேற்றும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள் மெல்லிய மின்னிழை ஓடுகிறது. எங்கே உறையுமோ அங்கே மட்டும் சூடு.

பெங்களூருக்கு வருவோம். இங்கே பிரச்சினை உறைவதில் இல்லை, காய்வதில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் வேண்டும். அதனால்தான் வாஷ் கூடத்தின் கடைசியிலுள்ள புளோயர் நீரைக் காய்ச்சி விரட்டுவதில்லை, அடித்துத் தள்ளுகிறது. அதற்கு முன்னால் தெளிக்கும் மெழுகுக் கலவை, படலமாகப் பரவிய நீரை முத்து முத்தாகத் திரட்டிக் கொடுக்கும். அப்படியும் தங்கிவிடுகிற துளி போர் தண்ணீராக இருந்தால், காய்ந்ததும் சுண்ணாம்பு வட்டம் விட்டுவிட்டுப் போகும். கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும்! உப்பு நீக்கிய நீரில் கடைசி அலசல் செய்தால் வட்டம் விழாது.

வெந்நீரில் கழுவினால் கிரீஸ் நன்றாகப் போகும், உண்மை. விலையையும் பாருங்கள். பெங்களூரின் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேக்காடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது. நகரக் குடிநீர் வாரியத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு இந்த ஏற்றத்துக்கே. ஆனால் ஒரு லிட்டரை அவ்வளவு உயரம் தூக்கும் ஆற்றல், அதே லிட்டரைச் சூடாக்கினால் 1.2 டிகிரிக்குத்தான் காணும். பம்பின் இழப்பைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 2.4 டிகிரி. 20 டிகிரி நீரை 40 டிகிரி ஆக்குவதென்றால், காவிரியை மலையேற்றிய செலவைப் போல எட்டு மடங்கு! மொட்டைமாடிதோறும் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் இந்த ஊரில், வெந்நீர் வேண்டுமென்றால் வெயிலிடம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அப்படி மலையேறி வந்த நீரை வண்டி மீது கொட்டுவதற்கு 2024 மார்ச்சில் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியிலும் அந்தத் தடை வந்தது. குடிநீருக்குத்தான் தடை, மறுசுழற்சி நீருக்கு அல்ல. எனவே இங்கே வாஷ் நிலையம் தொடங்குகிறவர்கள் ஹீட்டரை மறந்துவிட்டு, கழுவிய நீரைப் பிடித்துச் சுத்தம் செய்யும் தொட்டிகளுக்குப் பணம் போடட்டும். வண்டி விடுகிறவர்கள் கட்டணம் கேட்பதற்கு முன், அங்கே நீர் மறுசுழற்சி நடக்கிறதா என்று கேளுங்கள்.